பழைய ஜிப்ஸிக்கு லிஃப்ட் முதல்லயா, கடைசியிலயா?

11 ஜூன் 2023 – கேள்வி

அண்ணே, 2010 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. மூணாவது ஓனர் நான். வீட்டு வாசல்லயே வேலை பார்க்கலாம்னு இருக்கேன். ஜாக்கி, ஸ்பானர் செட், கிரைண்டர் எல்லாம் இருக்கு. முதல்ல 2 இன்ச் லிஃப்ட் போட்டு (வண்டியை அவ்வளவு உயரத் தூக்கி) பெரிய 235 டயர் மாட்டிரு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்னு கூட்டாளிங்க சொல்றாங்க. சரிதானா?

11 ஜூன் 2023, இரவு

சரியில்லை தம்பி. லிஃப்ட் கடைசி வேலை. என்னைக் கேட்டா, அது வேணுமாங்கறதையே ஒரு வருஷம் கழிச்சு முடிவு பண்ணு.

என்கிட்ட இருக்கிறது 2009 மாடல். 2021ல வாங்கினேன். போடிமெட்டுக்கு மேல எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கு. தார் ரோட்டை விட்டு இறங்கினா நாலு கிலோமீட்டர் கல்லும் சேறும்தான். ஆசைக்காக வாங்கின வண்டி இல்லை, ஆள் ஏத்தி, உரம் ஏத்தி, காய் இறக்கணும். நானும் வாங்கின மூணாவது மாசமே உயரம் தூக்கினேன். அதுக்கப்புறம் அந்த உயரத்தால வந்த தொந்தரவைச் சரிபண்ணவே ஒண்ணரை வருஷம் போச்சு. அதனாலதான் முதல் வரியிலயே சொல்லிட்டேன்.

ஜிப்ஸிக்கு கம்பெனி கொடுத்த தரை இடைவெளியே 210 மி.மீ. ஏணி மாதிரி லேடர் சேஸிஸ், நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங், தனியா லோ கியர், எடையும் ஒரு டன் பக்கம்தான். அந்த வண்டி காட்டுல நிக்குதுன்னா பெரும்பாலும் உயரம் பத்தாம நிக்கிறதில்லை. தேய்ஞ்ச பேரிங், செத்த புஷ், ஒழுகுற சீல், காத்து அதிகமா இருக்கிற டயர், இல்லைன்னா அவசரப்படுற கால். இதுல எதையும் லிஃப்ட் தீர்க்காது.

13 ஜூன் 2023

"அப்ப எங்க ஆரம்பிக்கிறது?"ன்னு கேட்டிருக்க. முன் சக்கரத்துல ஆரம்பி.

ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வை. வெறும் ஜாக்கியை நம்பி வேலை பார்க்காத. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ளேயும் வெளியேயும் ஆட்டு. டொக்கு டொக்குன்னு ஆட்டம் இருந்தா வீட்ல யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். நிக்கலைன்னா, சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சுல இருக்கிற கிங் பின் பேரிங். என் வண்டியில ரெண்டுமே போயிருந்தது. 60 கி.மீ. வேகத்துல ஒரு சின்னப் பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் வீலே கையைத் தட்டிவிடுற மாதிரி ஆடும். வாங்கினப்ப "வீல் பேலன்ஸிங் பண்ணினா சரியாயிடும்"னாங்க. பேலன்ஸிங் பண்ணினேன், அப்பவும் ஆடுச்சு.

கிங் பின் பேரிங் மாத்துறது வீட்லயே முடியும், ஆனா அவசரம் ஆகாது. மேலேயும் கீழேயும் இருக்கிற ஷிம் தகடுகளை எந்தப் பக்கம் எத்தனைன்னு எழுதி வச்சுட்டுக் கழட்டு. நான் பழைய காலண்டர் தாள்ல நாலு கட்டம் போட்டு, தகடை அந்தந்தக் கட்டத்துலயே வச்சேன். ஆக்ஸில் முனையில சக்கரம் திரும்புற இடத்துல ஒரு உருண்டை இருக்கும், அது மேல இருக்கிற ஃபெல்ட்டு சீலையும் அப்பவே மாத்திரு. அந்த உருண்டையில துரு குழி விழுந்திருந்தா புது சீலும் ஆறு மாசத்துல கிழியும்.

18 ஜூன் 2023

இன்னைக்கு எழுதப்போறதுதான் இந்த வண்டிக்கு நான் பண்ணினதுலயே சல்லிசான வேலை. என்னைக் கேட்டா எல்லாத்தையும்விட உருப்படியான வேலையும் இதுதான்.

தோட்டத்துக்குப் போற வழியில ஒரு ஓடை. மழைக்காலத்துல முழங்கால் அளவு தண்ணி. மலையேறி வந்த சூட்டோட நேரா இறங்கிக் கடந்துபோவேன். ஒரு வருஷம் கழிச்சு பின் கிரவுன் (ஆக்ஸில்ல உருண்டையாத் தொங்குற டிஃபரன்ஷியல்) ஆயிலைத் திறந்துவிட்டேன். ஆயில் வரலை, மோர் வந்துச்சு. வெள்ளையா, நுரையா, விரல்ல தொட்டா வழவழப்பே இல்லை.

காரணம் இதுதான். ஆக்ஸில் மேல சின்னதா ஒரு பிரீதர் மூடி இருக்கு. அது உள்காத்தை வெளிய விடும், வெளிக்காத்தை உள்ள விடாது. கொதிச்சுக்கிட்டு இருக்கிற கிரவுன் குளிர்ந்த தண்ணிக்குள்ள இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கின இடத்தை நிரப்ப எதையாவது இழுக்கணும். சீல் எங்க லேசா தேய்ஞ்சிருக்கோ அந்த வழியா ஓடைத் தண்ணியை உறிஞ்சிடும்.

மூடியைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு நிப்பிள் போட்டேன். பெட்ரோல் ஹோஸ் மாட்டி, சேஸிஸ் ஓரமாவே கொண்டுபோய் இன்ஜின் அறையில உசரத்துல கட்டினேன். முன், பின், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுத்தை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிச்சு அனுப்புற பெட்டி), கியர் பாக்ஸ்னு நாலுக்கும். ஹோஸ் முனையில ஒரு சின்ன ஃபில்டர். பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஆக்ஸில் முழுசாத் தொங்குற நீளத்துக்குத் தளர்வு விடணும், இல்லைன்னா முதல் பள்ளத்துலயே பிய்ஞ்சிரும். ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்ச வேலை. அதுக்கப்புறம் ஆயில் மோராகவே இல்லை.

25 ஜூன் 2023

சேஸிஸைக் கழுவிப் பார்த்தியா? டீசலும் பிரஷும் போட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தை முதல்ல தேய். என் வண்டியில அங்க தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது. சேத்துக் கோடுன்னு நினைச்சுத் துடைச்சேன், போகலை. நகத்தை வச்சு இழுத்தா நகம் மாட்டுது. வெடிப்பு.

இதை நானே வெல்டிங் பண்ணலை. வீட்ல பண்ணுற வேலைக்கும் ஒரு எல்லை உண்டு, ஸ்டியரிங்கைத் தாங்குற இடம் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம். வாங்கினதுலேர்ந்து என் பக்கத்துலயே நின்னு வேலை சொல்லிக்கொடுக்கிற பட்டறை அண்ணன்கிட்டக் கொண்டுபோனேன். வெடிப்பு முடியுற ரெண்டு முனையிலயும் சின்னத் துளை போட்டார். துளை போட்டா வெடிப்பு அதோட நிக்கும், இல்லைன்னா வெல்டிங்குக்கு அடியிலயே ஓடிக்கிட்டிருக்கும். அப்புறம் வெடிப்பை வி மாதிரி கிரைண்ட் பண்ணி நிரப்பி, மேல பட்டம் மாதிரி வெட்டின தகடு வச்சார். சதுரத் தகடு வச்சு நேர்க்கோட்டுல வெல்டிங் போட்டா அடுத்த வெடிப்பு அந்த நேர்க்கோட்டுலயே வரும்னு சொன்னார். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டச் சொன்னார், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். சாக்கெட்டையும் உருவச் சொன்னார். இது கம்ப்யூட்டர் சொல்லி பெட்ரோல் தெளிக்கிற எம்.பி.எஃப்.ஐ. வண்டி, மறந்துராத.

இப்படி ஒரு வெடிப்பு இருந்தது தெரியாமதான் நான் அதுக்கு மேல உயரம் தூக்கி ஓட்டிக்கிட்டு இருந்தேன். இதை எழுதும்போதே கை கூசுது. மாமாவும் அத்தையும் பின் சீட்டுல உட்கார்ந்து வந்த வண்டி அது.

2 ஜூலை 2023

மாமாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க மாமா முப்பது வருஷம் தோட்டத்துக்கு ஆள் ஏத்தின ஜீப் டிரைவர். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்புங்களைப் பார்த்திருப்ப. கொழுக்குமலைத் தோட்டம் இருக்கிறது நம்ம தேனி மாவட்டத்துல, ஜீப் வழி கேரளா பக்கம். அங்க ஓடுற வண்டியில பாதிக்கு லிஃப்டும் இல்லை, வின்ச்சும் இல்லை. கல்லுமேல சக்கரத்தை வைக்கிறாங்க, கல்லை வண்டிக்கு நடுவுல விடுறதில்லை. அவ்வளவுதான் வித்தை. "கிரவுன் எந்தப் பக்கம் தொங்குதுன்னு தெரியாதவன் மலையேறக்கூடாது"ம்பார் மாமா. வண்டிக்கு அடியில படுத்துப் பாரு, கிரவுன் உருண்டை நடுவுல இருக்காது, ஒரு பக்கமா இருக்கும். அதைத் தெரிஞ்சு ஓட்டுறதே ஒரு இன்ச் லிஃப்டுக்குச் சமம்.

இன்னொண்ணு, காத்து. தார் ரோட்டுல 26 பி.எஸ்.ஐ. வச்சிருக்கேன். கல்லு ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி 18க்கு இறக்குவேன். டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கிறதை ஸ்டியரிங்லயே உணரலாம். ஆனா தார் ரோட்டுக்கு ஏறினதும் காத்தை ஏத்தியே ஆகணும். அதுக்கு பேட்டரியில மாட்டுற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கிரு, லிஃப்ட் காசுல கால்வாசிகூட ஆகாது.

16 ஜூலை 2023

எல்லாரும் கேக்கிற கதை. ஷேக்கிள், அதாவது பட்டையோட ஒரு முனையைச் சேஸிஸோட கோக்கிற தகடு.

லேத் பட்டறையில 10 மி.மீ. தகடுல ஒரிஜினலைவிட 50 மி.மீ. நீளமா எட்டு ஷேக்கிள் தகடு வெட்டினேன். 50 நீட்டினா வண்டி 50 ஏறும்னு நினைச்சேன். ஏறாது. பட்டையோட ஒரு முனைதானே இறங்குது, நடுவுல இருக்கிற ஆக்ஸிலுக்குப் பாதிதான் கிடைக்கும். 25 மி.மீ., ஒரு இன்ச். அந்த ஒரு இன்ச்சுக்குக் கொடுத்த விலையைப் பாரு.

ஜிப்ஸியில முன் பட்டைக்கு ஷேக்கிள் முன்னால இருக்கு. ஷேக்கிள் நீண்டா பட்டையோட முன்பக்கம் இறங்கும், ஆக்ஸிலோட தலை முன்னால சாயும். அதோட கேஸ்டர் கோணம் குறையும். சைக்கிள் ஃபோர்க் சாய்வா இருக்கிறதால கையை விட்டாலும் நேராப் போகுதே, அந்தச் சாய்வுதான் கேஸ்டர். அது போச்சுன்னா வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா திரும்பி வராது. போடிமெட்டு இறக்கத்துல 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் ஸ்டியரிங்கைத் திருப்பி, மறுபடி கையாலயே நேராக்கி... கீழ வந்து சேர்றதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுச்சு. நேர் ரோட்டுல வண்டி தன் இஷ்டத்துக்கு அலையுது.

அதுக்கு மருந்து ஆப்பு. 3 டிகிரி சாய்வா இழைச்ச இரும்பு ஆப்பை பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல வைக்கணும். தடிச்ச பக்கம் பின்னால வரணும். சென்டர் போல்ட்டும் கொஞ்சம் நீளமானதாப் போடணும்.

18 ஜூலை 2023

மேல எழுதினதுல ஒரு பெரிய தப்பு. யாரும் அப்படியே செஞ்சிராதீங்க.

தடிச்ச பக்கம் முன்னால வரணும். ஜிப்ஸியில பட்டை ஆக்ஸிலுக்குக் கீழ ஓடுது. ஆப்பு ஆக்ஸிலோட அடியில உட்காரும், முன்பக்கம் தடிப்பா இருந்தாத்தான் ஆக்ஸிலோட தலை பின்னால சாயும். பட்டை மேல ஓடுற வண்டிக்குத்தான் பின்னால. நானும் முதல் தடவை இதே மாதிரி மாத்தி மாட்டி, இருந்ததைவிட மோசமாகி, மறுநாள் காலையில திரும்பக் கழட்டினவன். எழுதும்போது அந்த முதல் நாள் மாட்டினதுதான் கையில வந்துடுச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டுத் திருத்துறேன். சந்தேகமா இருந்தா ஒரு தீப்பெட்டியை ஆக்ஸிலா வச்சு, அடியில காகிதத்தை மடிச்சு வச்சுப் பாருங்க, கண்ணுக்கே தெரியும்.

ஆப்பு வச்சதும் ஸ்டியரிங் சரியாச்சு. ஆனா ஆக்ஸில் தலை பின்னால சாயும்போது முன் கிரவுனோட மூக்கு கீழ இறங்கும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட (டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன் கிரவுனுக்குச் சுத்தைக் கொண்டுபோற தண்டு) கோணம் கூடும். என் வண்டியில முன் சக்கரத்தை ஆக்ஸிலோட சேர்க்கவும் விடுவிக்கவும் இருக்கிற ஹப் கையால திருப்புறது. ஃப்ரீல வச்சா தார் ரோட்டுல முன் ஷாஃப்ட் சுத்தவே சுத்தாது, அதனால தெரியலை. லாக் பண்ணி மண் ரோட்டுல 40ஐத் தாண்டினா ஊம்ம்னு ஒரு ரீங்காரம். ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு வாயைத் திறக்குது, பார்த்தியா?

19 ஜூலை 2023

பிரேக் ஹோஸை விட்டுட்டேன். உயரம் தூக்கினவங்க இன்னைக்கே பாருங்க. சேஸிஸ்ல ஜாக்கி போட்டு முன் ஆக்ஸிலைத் தொங்கவிடுங்க, அப்படியே ஸ்டியரிங்கைக் கடைசிவரைக்கும் திருப்புங்க. என்னோட ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நின்னுச்சு.

30 ஜூலை 2023

235 டயர் பத்திக் கேட்டியே, கணக்கா சொல்றேன்.

கம்பெனி டயர் 205/70 ஆர் 15, விட்டம் 668 மி.மீ. 215/75 போட்டா 703. 235/75 போட்டா 733. ஆக்ஸிலுக்குக் கிடைக்கிற உயரம் இந்த வித்தியாசத்துல பாதி, அதாவது 235க்கு 33 மி.மீ. ஷேக்கிளால கிடைக்கிறது பாடி உயரம் மட்டும். கிரவுன் உருண்டை இருந்த இடத்துலயேதான் தொங்கும். அதைத் தரையில இருந்து தூக்குறது டயர் ஒண்ணுதான். அந்த வகையில உன் கூட்டாளிங்க சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா 235 போட்டா விட்டம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66ல போகும். கியர் பத்து சதவீதம் கனமாகும். இந்த இன்ஜின் 80 குதிரை சக்தி, 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்.பி.எம்.ல. கீழ சுத்துல இழுவை கம்மி. ரெண்டாவது கியர்ல சொகுசா ஏறின வளைவெல்லாம் முதல் கியர் கேட்டுச்சு. போதாததுக்கு ஸ்டியரிங் முழுசாத் திருப்பினா டயர் பட்டையில உரசுது. நான் எட்டு மாசம் 235ல ஓட்டிட்டு 215/75க்கு இறங்கினேன். வண்டி மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

12 ஆகஸ்ட் 2023

50 கி.மீ. தாண்டினா வண்டி முழுக்க அதிருதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட ஜாயின்ட் கிராஸ் எல்லாம் புதுசாம். ஷாஃப்ட்டை வீட்ல கழட்டி மாட்டினீங்களான்னு முதல்ல சொல்லுங்க.

ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிற கவட்டை ஒரே நேர்ல இருக்கணும். நடுவுல பல்லு பல்லா வழுக்குற பாகத்தை உருவிட்டு ஒரு பல்லு தள்ளிச் சொருகினாக்கூட நேர் மாறிடும். எனக்கு இதேதான் ஆச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் மூணையும் மாத்தினேன், பழைய ரப்பர் கையில எடுத்ததுமே ரெண்டாப் பிரிஞ்சது. அதிர்வு குறைஞ்சது, போகலை. கடைசியில பட்டறை அண்ணன் அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சார், "கவட்டை கோணலா இருக்குப்பா"ன்னார். உருவி, நேர் பார்த்துச் சொருகினதும் சத்தமே இல்லை. இப்ப எதைக் கழட்டினாலும் முதல்ல வெள்ளைப் பெயின்ட்டுல ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு இழுத்துட்டுத்தான் ஸ்பானரை எடுக்கிறேன்.

3 செப்டம்பர் 2023

டிஃபரன்ஷியல் உள்ள இருக்கிற சின்ன பல்சக்கரங்களை வெல்டிங் பண்ணிட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்தே சுத்தும், அதுக்குன்னே விக்கிற லாக்கர் வாங்குற காசு மிச்சம்னு ஒரு யோசனை வந்திருக்கு. சேத்துல மட்டும் ஓடுற வண்டிக்கு ஏதோ சரி. கொண்டை ஊசி வளைவுல வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் குறைவா. ரெண்டையும் ஒட்டிட்டா ஒண்ணு தேய்ச்சுக்கிட்டேதான் போகும். மழை ஈரத்துல பின்பக்கம் வழுக்கும், இல்லைன்னா ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும். குடும்பம் ஏறுற வண்டிக்கு வேண்டவே வேண்டாம். இதுல நான் ரெண்டாவது யோசனைக்கே இடம் கொடுக்க மாட்டேன்.

10 செப்டம்பர் 2023

இழுத்து எடுக்கிற கொக்கியைப் பத்தி. பம்பர்ல கட்டி இழுக்காதீங்க. சேஸிஸ்ல நேரா போல்ட் போட்ட கொக்கி, முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. போல்ட் தலையில 8.8ன்னோ 10.9ன்னோ பொறிச்சிருக்கணும். ஒண்ணும் பொறிக்காத போல்ட் எனக்கு ஒரு கடையில "ஒரே தரம்தான்"னு கொடுத்தாங்க. வைஸ்ல வச்சு அடிச்சுப் பார்த்தேன், நாலாவது அடியில வளைஞ்சிடுச்சு. இழுக்கும்போது கயித்து மேல ஈரச் சாக்கு ஒண்ணைப் போடுங்க, அறுந்தாலும் வேகம் குறையும். பிள்ளைங்களைப் பக்கத்துல நிக்க விடாதீங்க.

21 ஜனவரி 2024

இவ்வளவு நாளா இதைத் தள்ளிப்போட்டேன். என் வண்டிக்கு இந்த வருஷம் 15 வயசு, ஆர்.சி. புதுப்பிக்கணும். அதுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. 2019ல திருத்தம் வந்த பிறகு 182ஏ பிரிவுல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ உண்டு. முன்னால மாட்டுற புல் பாருக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை சொல்லிடுச்சு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மாத்தின வண்டியில விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க கேக்கிற முதல் கேள்வியும் இதுதான். காப்புக்காடும் அப்படித்தான், அனுமதி இல்லாம டயரை வைக்காதீங்க. நம்ம பசங்க ரெண்டு பேர் செஞ்சாலே தோட்டத்துக்காரங்க எல்லாருக்கும் வழியை அடைச்சிருவாங்க.

நேத்து நீள ஷேக்கிளையும் ஆப்பையும் கழட்டினேன். ஒரிஜினல் ஷேக்கிள், புது புஷ். பின்பக்கம் மட்டும் தளர்ந்துபோன பட்டை செட்டை மாத்தினேன். டேப் வச்சு அளந்தேன். பழைய பட்டை உட்கார்ந்துபோனதாலயே பின்பக்கம் 30 மி.மீ. இறங்கியிருந்திருக்கு. நான் லிஃப்ட் போட்டு ஏத்தினது 25. தேய்ஞ்சதை மாத்தியிருந்தா போதும்.

215 டயர் செட்டை ரிம்மோட தோட்டத்து ஷெட்டுல வச்சிருக்கேன். ரோட்டுக்கு 205/70 தான், பட்டன் மட்டும் கொஞ்சம் ஆழமான ரகம்.

17 நவம்பர் 2024

கேட்டவங்களுக்காக. அடைமழை, நேத்து எட்டு மூட்டை பச்சை ஏலக்காயோட இறங்கினேன். கம்பெனி உயரம், ஹப் லாக், ஃபோர் லோ, முதல் கியர். கிளட்சுலயும் பிரேக்குலயும் கால் வைக்கலை, இன்ஜினே பிடிச்சு இறக்குச்சு. ஓடைக்கு முன்னாடி கால் மணி நேரம் நிறுத்தி கிரவுனை ஆற விட்டேன். வழியில ஒரு இடத்துல மட்டும் கீழ லேசா உரசுச்சு. தார் ரோட்டுக்கு வந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் ஃபோர் வீல்ல இருந்து வெளிய வரலை. முன்னும் பின்னும் இறுகிட்டா அப்படித்தான், நாலடி ரிவர்ஸ் எடுத்தா தானா விட்டுரும்.

மாமாவுக்கு இப்ப முட்டி வலி, ஏறி உட்கார முடியலை. பக்கவாட்டுல ஒரு படி வெல்டிங் வைக்கட்டுமான்னு கேட்டேன். "ஸ்டூலை எடுத்து வைடா, வண்டியை நோண்டாத"ன்னுட்டார். ஸ்டூல் இப்ப வண்டியிலயே இருக்கு.

18 நவம்பர் 2024

ஒண்ணு விட்டுப்போச்சு. பட்டை மாத்தினா 500 கி.மீ. ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி டைட் பண்ணணும், அப்புறம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு தடவை. இன்னைக்குக் காலையில பார்த்தேன், பின்பக்கம் இடதுல ஒரு நட்டு கால் சுத்து வாங்குச்சு.